அடுத்த தெருப் பெண்ணின் கதை

பிஷ்கெக்
ஜனவரி 9, 2003

அன்புத் தங்கை ஸலீமேவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். ரத்த அழுத்தம் மாத்திரைக்குக் கட்டுப்பட்டிருக்கிறது. நீ, இஸ்மார், குழந்தை ஃபாத்திமே எல்லோரும் சுகந்தானா? உன் மாமியாரின் முழங்கால் இந்தக் குளிருக்கு எப்படி இருக்கிறது?

இதையும் உன் பள்ளிக்கூட முகவரிக்கே அனுப்புகிறேன். போன் செய்தால் உன் மாமியாரின் அறையில்தான் மணி அடிக்கிறது. நீ "ஆமா அக்கா, சரி அக்கா" என்பதற்கு மேல் ஒன்றும் பேசுவதில்லை.

போன வாரம் நூலகத்தில் ஒரு கூட்டம். புத்தக விமர்சனம் பற்றி நான் பேசினேன். முடிந்ததும் ஒரு உய்குர் பெண் எழுந்தாள். சின்னப் பெண், கல்லூரி மாணவியாக இருக்கலாம். "எங்க வீட்டுல இருபது வருஷமா உங்க பக்கத்தைப் படிக்கிறோம். மாஸ்கோக்காரங்க, பாரிஸ்காரங்க, அதுலயும் ஆம்பளைங்க. நீங்க துங்கான் இனந்தானே? உங்க பாஷையில வந்த ஒரு புத்தகத்தைப் பத்தியாவது எழுதியிருக்கீங்களா?" என்றாள். நான் ஏதோ வேடிக்கையாகச் சொல்லிச் சமாளித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பழைய இதழ்களையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி.

ஆகவே இந்த வாரப் பக்கத்தில் அறிவித்துவிட்டேன். இந்த வருஷம் நான் இதுவரை திரும்பிப் பார்க்காதவர்களைத்தான் படிப்பேன். துங்கான், உய்குர், காரகல்பாக், பாமீர் மலைக்காரர்கள், முக்கியமாகப் பெண்கள். மாதம் ஒரு புத்தகம். இதழாசிரியர் உதட்டைப் பிதுக்கினார். நான் விடவில்லை.

உன் புத்தகத்திலிருந்தே ஆரம்பிக்கலாம் என்று நினைக்கிறேன். நீ அனுப்பிய பிரதி, நான் வீடு மாறியபோது எங்கோ போய்விட்டது. இன்னொன்று அனுப்புவாயா?

உன் அக்கா,
ஜெய்னப்

*

இர்திக்
பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். இங்கே எல்லோரும் சுகம். மாமிக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது. வினிகரைச் சூடாக்கி ஒத்தடம் கொடுக்கிறேன். இஸ்மார் பூண்டு லாரியோடு கராகோலுக்கும் வீட்டுக்குமாக அலைகிறார். ஃபாத்திமே என் தோளுக்கு வந்துவிட்டாள். எந்நேரமும் பாட்டியின் மடியில்தான் தலை. மாத்திரையைத் தவறவிடாதே.

புத்தகம் அனுப்பியிருக்கிறேன். என்னிடம் இருந்த கடைசிப் பிரதி. மற்றதெல்லாம் ஊர்ப் பெண்களிடம் இருக்கிறது. பூண்டு உரிக்க எங்காவது கூடினால் ஒருத்தி சத்தமாகப் படிப்பாள், மற்றவர்கள் உரித்துக்கொண்டே கேட்பார்கள். யாராவது அழுதால் பூண்டுக் காரம் என்று சொல்லிக்கொள்வார்கள். ஆண்கள் யாரும் அதைத் தொடுவதில்லை. இஸ்மார் அட்டையைப் பார்த்துவிட்டு, "பொம்பளைங்க சமாச்சாரம்" என்று ஜன்னல் மாடத்தில் வைத்துவிட்டார். எனக்கு அது பெரிய நிம்மதி.

நீ எழுதுவதில் எனக்குச் சந்தோஷந்தான். பிழை இருந்தால் தாராளமாகத் திட்டு. இரண்டே இரண்டு விஷயம். நான் உன் தங்கை என்றோ, எந்த ஊர் என்றோ எழுத வேண்டாம். இன்னொன்று, 'ஜன்னல்' என்று ஒரு கதை இருக்கிறது. அதை மட்டும் விட்டுவிடு. அடுத்த தெருவில் இருக்கிற ஒரு பெண்ணின் கதை. அவள் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறாள்.

உன் ஸலீமே

*

பிஷ்கெக்
மார்ச் 1

அன்புத் தங்கைக்கு,

ஸலாம். சளிப்பிடித்துக் கிடந்தேன், இப்போது தேவலை. மாமியாரின் வீக்கம் வடிந்ததா?

முதல் பக்கத்தைப் படிக்கவே எனக்கு ஒரு மாலை ஆயிற்று. நம் பாஷையைக் காதால் கேட்டுத்தான் பழக்கம், கண்ணுக்குப் பழக்கமில்லை. அப்புறம் வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டு ரஷ்யக்காரி வந்து கதவைத் தட்டி, "யாரோட சண்டை போடுறே?" என்று கேட்டாள். நம் அம்மா திட்டுகிற சொற்களெல்லாம் அதில் இருக்கின்றன. எங்கே பிடித்தாய் அதையெல்லாம்?

'ஜன்னல்' கதையையும் படித்தேன். படிக்காதே என்று நீ சொல்லவில்லையே. காய்ச்சலில் கிடக்கும் இரண்டு வயதுப் பெண் குழந்தை. புருஷன் சந்தைக்குப் போயிருக்கிறான். ஆண் டாக்டர் உள்ளே வரக்கூடாது, ஒரு பொட்டைப் பிள்ளைக்கு இத்தனை அமர்க்களமா என்று மாமியார் கதவைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொள்கிறாள். நல்ல வெயில். பனியில் டாக்டர் பையோடு தெருவில் நடந்து போகிறார். தாய் கண்ணாடியைத் தட்டுகிறாள். அவர் திரும்புவதற்குள் மாமியார் திரையை இழுத்துவிடுகிறாள்.

அடுத்த தெருப் பெண் என்று எழுதியிருக்கிறாய். சரி.

உன் மூத்தவள் போன மூன்றாம் நாள் நான் வந்தபோது காய்ச்சல் என்று மட்டும்தான் சொன்னீர்கள். நீயும் அதையே சொன்னாய்.

இருபது வருஷமாக எத்தனையோ பெரிய பெயர்களைப் பற்றி எழுதிவிட்டேன். இப்படி ஒரு கதையை நான் படித்ததில்லை. இதை விட்டுவிட்டு மற்றதை எழுது என்றால் எப்படி? யோசித்துப் பதில் எழுது. உன் சொல்லை மீற மாட்டேன்.

ஜெய்னப்

*

இர்திக்
மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். எல்லோரும் சுகம். நாளை நவ்ரூஸ் பண்டிகை. முற்றம் முழுக்கச் சுத்தம் செய்கிறோம், மாமி நாற்காலியில் உட்கார்ந்து உத்தரவு போடுகிறார். உன் சளி போய்விட்டதா?

அவள் அடுத்த தெருப் பெண்தான் அக்கா. நீ அப்படியே நம்பு.

ஸலீமே

*

பிஷ்கெக்
ஏப்ரல் 14

அன்புத் தங்கை ஸலீமேவுக்கு,

ஸலாம். என் உடம்புக்கு என்ன, இந்த வாரம் எனக்கு இறக்கை முளைத்திருக்கிறது. நீங்கள் எல்லோரும் நலமா?

விமர்சனம் வந்துவிட்டது. வெட்டி வைத்திருக்கிறேன், பார். அரைப் பக்கம் கேட்டேன், முழுப் பக்கம் கொடுத்தார்கள். அலுவலகத்துக்குக் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. தட்டச்சு செய்த பெண் பாதியில் எழுந்து முகம் கழுவப் போனாள். நூலகத்தில் என்னைக் கேள்வி கேட்ட உய்குர் பெண் போன் செய்து, "நன்றி" என்று ஒரே ஒரு சொல் சொன்னாள்.

கோபித்துக்கொள்ளாதே. ஆசிரியர் முதல் வரைவைப் பார்த்துவிட்டு, "இதுல உயிரே இல்ல. அந்த ஜன்னல் கதை எங்கே?" என்று கேட்டார். அது இல்லாமல் புத்தகம் ஏது? ஊர்ப் பெயரையும் அவர்தான் வைக்கச் சொன்னார், வாசகர்களுக்கு ஒரு பிடிமானம் வேண்டுமாம். உன் புருஷன் பெயரோ மாமியார் பெயரோ எங்கும் இல்லை, நன்றாகப் பார். அங்கே எங்கள் இதழை யார் வாங்குகிறார்கள்?

கடைசிப் பத்தியைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள்: "நூலாசிரியர் இதை அடுத்த தெருவில் நடந்ததாக எழுதியிருக்கிறார். நடந்தது இர்திக்கில், அவர் இன்றும் சோறு பொங்குகிற வீட்டில். எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் அந்த ஜன்னல் திரையை விலக்கியவள் நான்."

நீ பட்டது வெளியே தெரிய வேண்டாமா ஸலீமே? அந்தக் குழந்தைக்கு அதையாவது நாம் செய்ய வேண்டாமா?

அடுத்த மாதத்துக்கு ஒரு காரகல்பாக் கிழவரின் கவிதைகளை எடுத்திருக்கிறேன். உப்புக்காற்று வீசுகிற எழுத்து.

உடனே பதில் போடு.

ஜெய்னப்

*

பிஷ்கெக்
ஜூன் 3

அன்புத் தங்கைக்கு,

ஸலாம். நலந்தானே? உன்னிடமிருந்து கடிதமே இல்லை. பள்ளித் தேர்வு வேலையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் பொறுக்காமல் வீட்டுக்குப் போன் செய்தேன். உன் மாமியார் எடுத்தார். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார். காது கேட்கவில்லை போலிருக்கிறது.

இங்கே நல்ல செய்தி. அல்மாட்டியில் ஒரு மாநாடு. 'படிக்கப்படாதவர்களைப் படித்தல்' என்று என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். உன் புத்தகத்தைத்தான் முதலில் வைத்துப் பேசப்போகிறேன். நல்ல புகைப்படம் ஒன்று அனுப்பு. கல்யாணத்தில் பூவேலைப்பாட்டு உடையும் கொண்டை ஊசிகளுமாக எடுத்தது இருக்குமே, அதுகூடப் போதும்.

கோபமா?

ஜெய்னப்

*

கராகோல்
ஜூலை 10

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். நான் நலம். நீ நலமாக இருக்க துஆ செய்கிறேன். இங்கே வெயில் அதிகம். ஏரிக்குக் குளிக்க வருகிறவர்கள் கூட்டம் சந்தை வரைக்கும் நிற்கிறது.

மேலே எழுதியிருக்கிற முகவரிக்கு இனி எழுது. சந்தையில் ஹதீச்சே என்கிற அம்மாள் ஆஷ்லான்ஃபூ கடை வைத்திருக்கிறார். மாவுக்கூழ் காய்ச்சி ஆறவைத்துச் சீவுவதும், மிளகாய் வினிகர்க் குழம்பு சேர்ப்பதும் என் வேலை. கைக்கு எரிச்சல்தான், பழகிவிட்டது.

இர்திக்கில் எல்லோரும் சுகம் என்று கேள்விப்பட்டேன். ஃபாத்திமேவும் சுகமாம்.

நீ வெட்டி அனுப்பிய தாள் கிடைத்தது. நன்றாக எழுதியிருக்கிறாய்.

புகைப்படம் என்னிடம் இல்லை.

ஸலீமே

*

பிஷ்கெக்
ஆகஸ்ட் 22

அன்புத் தங்கை ஸலீமேவுக்கு,

ஸலாம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். அல்மாட்டியிலிருந்து வந்ததும் வயிறு கெட்டுவிட்டது, இப்போது பரவாயில்லை.

நீ கடையில் வேலை பார்ப்பதாக எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். விடுமுறையில் சும்மா இராமல் சொந்தக் கையில் நாலு காசு பார்ப்பது நல்லதுதான். இஸ்மார் இதற்குச் சம்மதித்தது எனக்கே ஆச்சரியம்.

மாநாட்டில் உன் கதையை நானே ரஷ்ய மொழியில் வாசித்தேன். கூடத்தில் ஒரு இருமல் சத்தம்கூட இல்லை. ஒரு ஜெர்மன் பெண்மணி அதைத் தங்கள் பாஷையில் போட வேண்டும் என்கிறாள். பெர்லினுக்கு வந்து அங்கேயும் பேசுங்கள் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். நீ இரண்டாவது புத்தகம் எழுதவேண்டும் ஸலீமே. சந்தை, கடை, அங்கே வருகிற பெண்கள், எல்லாம் உனக்குக் கிடைத்திருக்கிறதே.

செப்டம்பரில் பள்ளி திறந்ததும் பழைய முகவரிக்கே எழுதவா?

ஜெய்னப்

*

கராகோல்
அக்டோபர் 5

அக்காவுக்கு,

ஸலாம். உன் வயிறு சரியாகிவிட்டதா?

பள்ளி முகவரிக்கு எழுதாதே. அங்கே எனக்கு வேலை இல்லை. சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். பெர்லின் என்று நீ எழுதியதைப் படித்த பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் இதழை இங்கே யாரும் வாங்குவதில்லை, அது உண்மை. ஆனால் மாவட்டப் பத்திரிகைக்காரன் உன் கட்டுரையை எடுத்து அப்படியே போட்டுவிட்டான். நம் மாவட்டத்துப் பெண் தலைநகரில் பேசப்படுகிறாள் என்று பெருமை அவனுக்கு. மே மாதத்தில் ஒருநாள் சந்தையில் ஒரு வியாபாரி இஸ்மாரிடம், "என்ன இஸ்மார், உங்க வீட்டு ஜன்னல் பேப்பர்ல வந்திருக்கே" என்றானாம். கூடியிருந்தவர்கள் சிரித்தார்களாம்.

அவர் வீட்டுக்கு வந்து பத்திரிகையை மேசைமேல் விரித்தார். மாமியும் ஃபாத்திமேவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "படி" என்றார். "அப்புறம் படிக்கிறேன்" என்றேன். "இப்பவே படி, எல்லாருக்கும் கேக்கட்டும்" என்றார். படித்தேன். கடைசிப் பத்தி வரைக்கும்.

"இது நெசமா?" என்று கேட்டார்.

"நெசந்தான். உங்களுக்குத்தான் தெரியாது" என்றேன்.

"எனக்குத் தெரியும். ஊருக்கு எதுக்குடி தெரியணும்?"

பதினைந்து வருஷம் அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு அவரோடு வாழ்ந்திருக்கிறேன் அக்கா. குழந்தை போன அன்றைக்கு அவர் சந்தையிலிருந்து வந்ததுமே மாமி சொல்லிவிட்டாராம்.

மாமி கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். அப்புறம், "நானும் ரெண்டு பொண்ணைப் பறிகொடுத்தவதான். என் மாமியா கதவைத் தொறந்தாளா? நான் யார்கிட்ட போய் அழுதேன்?" என்றார். அன்றிலிருந்து சாப்பிடவில்லை. மூன்று நாள் பார்த்துவிட்டு இஸ்மார், "ஒண்ணு அம்மா இருக்கணும், இல்ல நீ இருக்கணும்" என்றார். அவரைப் பெற்றவள் எங்கே போவாள்? நான்தான் கிளம்பினேன்.

ஃபாத்திமேவை அழைத்தேன். அவள் வரவில்லை. "எனக்குக் காய்ச்சல் வந்தப்போ விடிய விடியப் பாட்டிதானே உட்கார்ந்து நெத்தியில துணி போட்டா? அது யாரு? நீ எழுதினியே, அது யாரு?" என்று கேட்டாள். இரண்டும் ஒரே பாட்டிதான் என்று பன்னிரண்டு வயதுக் குழந்தைக்கு எப்படிச் சொல்வது? அவள் வளர்ந்து தானே அந்தக் கதையை எடுத்துப் படிக்கிற நாளில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லலாம் என்று வைத்திருந்தேன். அதற்காகவே நம் பாஷையில் எழுதினேன். உன்னிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் விட்டிருப்பாயா என்று தெரியவில்லை.

பள்ளியில் தலைமை ஆசிரியர் நல்லவர்தான். "பெத்தவங்க பேசுறாங்க, கொஞ்ச நாள் போகட்டும்" என்றார். அதற்கு முந்தின வாரம் முழுக்க என் மேசையில் புத்தகங்கள் வந்து சேர்ந்தன. கூடி உட்கார்ந்து படித்த பெண்கள்தான். புருஷன்மார் இப்போது படிக்கத் தொடங்கிவிட்டார்கள், எந்தக் கதை எந்த வீடு என்று விரல் வைத்துத் தேடுகிறார்கள். அதனால் யாரும் வீட்டில் வைத்துக்கொள்ளத் துணியவில்லை. நேரில் தராமல் நான் வகுப்பில் இருக்கும்போது வைத்துவிட்டுப் போனார்கள். சிலதில் எண்ணெய்க் கறை, சிலதில் பூண்டுத் தோல். எல்லாவற்றையும் மூட்டை கட்டி எடுத்து வந்தேன்.

ஹதீச்சே அம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. யாரோ அந்தக் கதையை வாசிக்கக் கேட்டவர். என்னைச் சந்தையில் மூட்டையோடு பார்த்துவிட்டு, "நீதான் அந்த ஜன்னல்காரியா? வா, மாவு கரைக்கத் தெரியுமா?" என்றார். அவ்வளவுதான்.

நீ சந்தோஷமாக இருந்தாய். அதைக் கெடுக்க வேண்டாம் என்று ஜூலையில் எழுதாமல் விட்டேன். முகவரி மாறியதைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்பாய் என்றும் நினைத்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஸலீமே

*

பிஷ்கெக்
டிசம்பர் 12

என் ஸலீமேவுக்கு,

ஸலாம். நலமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

நாலைந்து தடவை எழுதிக் கிழித்தேன். பஸ் ஏறி வந்துவிடலாம் என்று ஒருமுறை நிலையம் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். உன் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது?

ஊர்ப் பெயரை ஆசிரியர் கேட்டார் என்று எழுதினேன். அது அப்படித்தான். ஆனால் கடைசிப் பத்தியை அவர் கேட்கவில்லை. அது இல்லாமலே கட்டுரை அச்சுக்குப் போயிருக்கும்.

ஒரு வழி தோன்றுகிறது. ஜனவரி முதல் இதழில், இந்த வருஷம் படித்தவற்றைப் பற்றி நான் எழுத வேண்டும். அதில் ஒரு திருத்தம் போடுகிறேன். அந்தக் கதை முழுக்கக் கற்பனை, அதை எழுதியவரின் வாழ்க்கையோடு சேர்த்துப் பேசியது என் பிழை, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று. என் பெயர் கெட்டால் கெடட்டும். மாவட்டப் பத்திரிகைக்கும் அனுப்பி வைக்கிறேன். இஸ்மார் ஊருக்கு அதைக் காட்டலாம், உன் மாமியாருக்கும் ஆறுதலாக இருக்கும். நீ வீட்டுக்குப் போகலாம்.

பெர்லினுக்குப் பிப்ரவரியில் வரச் சொல்கிறார்கள். நீ வேண்டாம் என்றால் உன் கதையை அங்கே எடுக்க மாட்டேன். வேறு எதையாவது பேசிக்கொள்கிறேன்.

சரி என்று ஒரு வார்த்தை எழுது. இதழ் இந்த மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது.

உன் அக்கா

*

கராகோல்
டிசம்பர் 24

அக்காவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நலமாக இருக்கிறேன். இங்கே பனி இறுகிவிட்டது, கடைக்குள் அடுப்பு இருப்பதால் தாங்குகிறது.

திருத்தம் போடாதே.

என் ஐஷே பூட்டிய கதவுக்குப் பின்னால்தான் செத்தாள். நான் கண்ணாடியைத் தட்டினேன். அதை நடக்கவில்லை என்று நீ எழுதினால், என் வீடு போனது ஒரு பொய்க்காக என்றாகிவிடும். அவள் இருந்ததும் பொய்யாகிவிடும். ஏப்ரலில் நான் வேண்டாம் என்றதை எழுதினாய். இப்போது உண்மையை இல்லை என்று எழுதப் பார்க்கிறாய். இரண்டுக்கும் என் நன்மையைத்தான் காரணம் சொல்கிறாய்.

இஸ்மாருக்கு அந்தத் தாள் தேவைப்படாது. இன்னொரு கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறார்களாம்.

பெர்லினுக்குப் போய் வா. கதையை எடுப்பதும் எடுக்காததும் உன் இஷ்டம். அது ஏற்கெனவே என் கையை விட்டுப் போய்விட்டது.

போன சனிக்கிழமை ஃபாத்திமே கடைக்கு வந்தாள். கூட மூன்று தோழிகள், எல்லோரும் ஒரே மாதிரிச் சிவப்புக் கம்பளித் தொப்பி. நான் அங்கே இருப்பது தெரிந்து வந்தாளா, தெரியாமல் வந்தாளா, எனக்குப் புரியவில்லை. பார்த்ததும் கொஞ்சம் நின்றாள். அப்புறம் மற்றவர்களோடு போய் உட்கார்ந்தாள். நாலு கிண்ணம் கொண்டுபோய் வைத்தேன். அவளுக்கு உறைப்பு ஆகாது என்று அவள் கிண்ணத்தில் மிளகாய் போடவில்லை. தலையை நிமிர்த்தாமல் முழுவதும் சாப்பிட்டாள். ஒரு தோழி, "இந்தம்மா கைப்பக்குவம் நல்லாருக்கு இல்ல?" என்று கேட்டதற்கு ஆமாம் என்று தலையாட்டினாள்.

எழுந்து போகும்போது மற்றவர்களைப் போலவே காசை மேசைமேல் வைத்துவிட்டு, "வரோம் அத்தை" என்றாள்.

அடுத்த வருஷம் யாரைப் படிக்கப் போகிறாய் என்று எனக்கு எழுத வேண்டாம்.

ஸலீமே